‘நம்ம ஊரு’ பியரும் புஷ்பராணி கேட்ட கடிதமும்

நாங்கள் விற்ற பியர் போன மாதம் மறுபடியும் கைமாறியது. பத்திரிகையின் வர்த்தகப் பக்கத்தில் நாலு வரிச் செய்தி. ஐரோப்பாவில் உள்ள ஒரு கம்பனியிடமிருந்து அதைவிடப் பெரிய இன்னொரு கம்பனி வாங்கியிருக்கிறது. அன்று பின்னேரமே ஹாலிஎலயிலிருந்து சுதாகர் தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வுபெற்ற பிறகு ஊவாப் பகுதி விற்பனையைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான்.

“அண்ணே, கடைக்காரங்க பேப்பரக் காட்டிக் கேக்கிறாங்க. நம்ம ஊரு பியர்னு சொல்லித்தானே குடுத்தீங்க, இப்ப எவனோ எவனுக்கோ வித்துட்டான்னு போட்டிருக்கேங்கிறாங்க. நீங்கன்னா என்ன சொல்லுவீங்க?”

“உள்ளதச் சொல்லுங்க” என்றேன்.

“உள்ளது என்னான்னு எனக்கே தெரியலயே!”

விற்பனைக்காரனாகிப் பதினொரு வருஷம் எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. தெரிய வந்த விதத்தைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியாது. ஆகவே எழுதுகிறேன். பியரின் பெயர் இங்கே வேண்டாம். கடைகளில் அதற்கு ‘மலைப்போத்தல்’ என்றுதான் பெயர், அதுவே போதும்.

பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் பிறந்தவன் நான். படிப்பு உயர்தரத்தோடு நின்றது. லொறியில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலைக்குச் சேர்ந்து, பிறகு பதுளை டிப்போவில் இருப்புப் புத்தகம் எழுதி, அதற்குப் பிறகு விற்பனைக்காரனானேன். தமிழும் சிங்களமும் பேசுவேன். எல்லயில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதிகளுக்குப் பெட்டி கொண்டுபோய்க் கொண்டுபோய் இங்கிலீஷும் வந்துவிட்டது. அந்த மூன்று பாஷையும்தான் எனக்குப் பதவி உயர்வு வாங்கிக் கொடுத்தன.

மதுபானத்துக்கு விளம்பரம் போடச் சட்டம் இடம் தராது. பத்திரிகையில் போட முடியாது, வீதியில் பலகை வைக்க முடியாது. எனவே போத்தலில் ஒட்டியிருக்கும் காகிதமும் விற்பனைக்காரனின் வாயும்தான் விளம்பரம். எங்கள் போத்தலில் மலைக்குப் பின்னால் சூரியன் உதிக்கும் படம். அதன் கீழே மூன்று மொழியிலும் ‘நம்ம மண்ணின் பெருமை’ என்று இருக்கும். எங்களோடு போட்டி போட்ட பியர் வெளிநாட்டுக்காரர்களுடையது என்பது எல்லோருக்கும் தெரியும். அதுதான் எனக்குக் கிடைத்த பிடி.

வெலிமடையில் அதைச் சொல்லித்தான் காலூன்றினேன். அங்கே பியர் குடிப்பவர்கள் பெரும்பாலும் மரக்கறித் தோட்டம் செய்பவர்களும் மரக்கறி லொறிக்காரர்களும். உருளைக்கிழங்கு கிண்டும் காலம் பார்த்து வெளிநாட்டுக் கிழங்கு கப்பலில் வந்திறங்கி விலை விழுந்துவிடும். அந்த எரிச்சல் அவர்களுக்கு எப்போதும் உண்டு. அங்கிருந்த மதுக்கடை முதலாளியிடம் நான் கேட்டேன்: “வெளிநாட்டுக் கிழங்கு வந்து நம்மளக் கெடுக்குதுன்னு சொல்றீங்க. அப்புறம் வெளிநாட்டுக்காரன் பியர முன்னால அடுக்கி வச்சிருக்கீங்களே?” அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அடுத்த வாரம் கண்ணாடி அலுமாரியின் மேல் தட்டு முழுவதும் எங்களுடையது. பிறகு பண்டாரவளை, ஹாலிஎல, பசறை என்று போன இடமெல்லாம் அதையே சொன்னேன். நம்பித்தான் சொன்னேன். அதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

டிப்போவுக்கு மேலாளர் தர்மசேன சேர். பண்டாரவளையில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தவர், எங்களைப் போலவே தமிழ் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்தக் கடிதத்தையும் நின்றுகொண்டுதான் வாசிப்பார். வரிக்குக் கீழே ஒரு மர அடிமட்டத்தை வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்குவார். வாசித்து முடியும்வரை யாரும் பேசக்கூடாது. ‘முடியாது’ என்ற வார்த்தை அவர் வாயில் வராது. முடியாத காரியமென்றால் “எழுதிக் குடுங்க” என்பார். எழுதிக் கொடுக்கும்போதே நமக்குத் தெரிந்துவிடும், அது நடக்கக்கூடியதா இல்லையா என்று.

முறைப்பாடு வாங்குவதை எனக்குப் பழக்கியவர் அவர்தான். ஒருவர் கெட்ட போத்தல் என்று கொண்டுவந்தால் முதலில் உட்காரச் சொல்ல வேண்டும். போத்தலை நாம் பிடுங்கக்கூடாது, அவராகத் தரவேண்டும். கழுத்தைத் துணியால் துடைத்து, மூடியில் உள்ள இலக்கத்தையும் தோள்பட்டையில் அடித்திருக்கும் திகதியையும் எழுதவேண்டும். சன்னல் வெளிச்சத்தில் பிடித்து அடியில் கசடு நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். எங்கே வைத்திருந்தீர்கள், வெயில் பட்டதா என்று கேட்கவேண்டும். பிறகு படிவம். சுவை, நுரை, அளவு, மூடி, உடைவு, லேபல் என்று ஆறு கட்டங்கள். ஏதாவது ஒன்றில் புள்ளடி போட்டே ஆகவேண்டும். வெள்ளைத் தாள் கொழும்புக்கு, ரோஸ் தாள் டிப்போவுக்கு, மஞ்சள் தாள் வந்தவருக்கு. “மஞ்சள் தாளக் குடுக்காம ஆள அனுப்பிறாதீங்க, கதிர்வேல். கையில ஒண்ணுமில்லாம வெளிய போறவர் திரும்ப வரமாட்டார்” என்பார்.

எல்லயில் சுற்றுலாக்காரர்கள் கூடிய காலம் அது. அவர்களுக்கென்று கொழும்பிலிருந்து ஒரு தனி லேபல் வந்தது. சூரியன் இல்லை. அதற்குப் பதிலாகக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் முகம். தலையில் சிவப்புத் துண்டு, மூக்குத்தி, வாய் நிறையச் சிரிப்பு. கீழே அதே ‘நம்ம மண்ணின் பெருமை’. விடுதிக்காரர்கள் கேட்டு வாங்கினார்கள். குடித்து முடித்த வெள்ளைக்காரர்கள் லேபலை நனைத்து உரித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போனார்கள். லேபல் வந்த முதல் மூன்று மாதமும் ஊவாவில்தான் விற்பனை அதிகம் என்று கொழும்பிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

நாலாவது மாதம் ஒரு திங்கட்கிழமை, அந்த முகம் டிப்போவுக்குள் நடந்து வந்தது.

நாற்பத்தைந்து வயதிருக்கும். சிவப்புத் துண்டு இல்லை, நல்ல சேலை கட்டியிருந்தார். கையில் துவாயில் சுற்றிய போத்தல். நான் எழுந்து நின்றுவிட்டேன். உட்காருங்க என்று சொல்லவே கொஞ்ச நேரம் ஆனது.

“நீங்கதானே கம்பனியில இருக்க நம்மாளு? கதிர்வேல் அண்ணேன்னு சொன்னாங்க” என்றார். பெயர் புஷ்பராணி. ஹாலிஎலக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். போத்தலை மேசையில் வைத்துத் துவாயை அவிழ்த்தார். “இது யாருன்னு பாருங்க.”

“நீங்கதான்.”

“நான்தான். ஆனா நான் குடுக்கல.”

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோட்டத்து அடிவாரச் சந்தியில் ஒருவர் மதுக்கடை திறக்க அனுமதி கேட்டிருந்தார். புஷ்பராணியின் புருஷன் குடித்தே செத்தவர். தோட்டத்தில் அவருடைய டிவிஷனில் அப்படிப் போனவர்கள் இன்னும் பலர். இவர் முன்னால் நின்று லயம் லயமாகப் போய் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களிடம் கையெழுத்து வாங்கி, பிரதேச செயலகத்தில் கொடுத்திருந்தார். விசாரணைக்கு அழைத்த நாளில், கடை கேட்டவரின் ஆள் எல்லோர் முன்னாலும் எங்கள் போத்தலைத் தூக்கிக் காட்டியிருக்கிறான். ‘குடிக்கு எதிரா கையெழுத்து வாங்குற அம்மா இந்தா போத்தல்ல சிரிக்கிறாங்க. கம்பனிக்காரன்கிட்ட எவ்வளவு வாங்கினாங்கன்னு கேளுங்க.’

“ஆபீசர்மாரே சிரிச்சிட்டாங்கண்ணே. அது போகட்டும். என்கூட வந்த பொம்பளைங்களே என்னையத் திரும்பிப் பாத்தாங்க. மறுநாள் முப்பது பேரு கையெழுத்த எடுத்துக்கிறோம்னு சொல்லிட்டாங்க. காலையில வேலைக்குப் பேரு குடுக்கிற பெரட்டுல என்கூட யாரும் நிக்கிறதில்ல.”

படம் எப்படி வந்தது என்று கேட்டேன். அஞ்சாறு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரப் பையன் பெரிய கமராவோடு மலைக்குள் வந்திருக்கிறான். மழை பெய்த மண்ணில் சறுக்கி, கமராவை மேலே தூக்கிப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான். “அதுக்குத்தான் சிரிச்சேன். அத மண்ணோட பெருமைன்னு எழுதியிருக்காங்க.”

அந்த விசாரணை அப்போது முடிந்திருக்கவில்லை, தள்ளிப்போட்டிருந்தார்கள். அதற்குள் அவருக்கு வேண்டியது ஒரே ஒரு கடிதம். “இந்தப் படம் எனக்குத் தெரியாம போட்டது, நான் காசு வாங்கலன்னு உங்க கம்பனி எழுதிக் குடுக்கணும். வேற ஒண்ணும் வேணாம்.”

நான் அவரிடம் சொல்லாத ஒன்று இருந்தது. அந்தச் சந்திக் கடை என் வழித்தடத்தில்தான் வரப்போகிறது. அனுமதி கிடைத்ததும் முதல் குளிர்சாதனப் பெட்டி நம்முடையதாக இருக்கவேண்டும் என்று கடைக்காரரிடம் பேசி வைத்திருந்தவன் நான்.

படிவத்தை எடுத்தேன். ஆறு கட்டங்களையும் இரண்டு முறை பார்த்தேன். ‘லேபல்’ என்பதில் புள்ளடி போட்டேன். அதற்குக் கீழே கிழிந்தது, கோணல், மங்கியது என்று மூன்றுதான் இருந்தன. ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினேன்: ‘லேபலில் இருக்கும் பெண் நேரில் வந்துள்ளார். தன் அனுமதியின்றிப் படம் போடப்பட்டதாகவும், பணம் பெறவில்லை என்று கடிதம் தேவையென்றும் கூறுகிறார்.’ மூடியின் இலக்கத்தையும் பழக்கதோஷத்தில் எழுதினேன். மஞ்சள் தாளைக் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

தர்மசேன சேர் ரோஸ் தாளை அடிமட்டம் வைத்து வாசித்தார். ஓரத்தில் எழுதியதை வாசிக்கும்போது அடிமட்டத்தைச் சரித்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

இரண்டு வாரத்தில் கொழும்பிலிருந்து பதில் வந்தது. லேபல் குறைபாட்டுக்கு வருந்துகிறோம், வாடிக்கையாளருக்கு மாற்றுப் போத்தல்கள் அனுப்பியிருக்கிறோம் என்று. கூடவே ஒரு பெட்டி. பன்னிரண்டு போத்தல். பன்னிரண்டிலும் புஷ்பராணி.

அந்தப் பெட்டியை சேரின் மேசைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். “இத நான் அந்தம்மாகிட்ட கொண்டுபோய்க் குடுக்கணுமாம், சேர்.”

அவர் இழுப்பறையைத் திறந்து, கம்பனியின் வெற்றுக் கடிதத்தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். தாளின் அடியில், அலங்காரக் கோடு என்று நான் நினைத்திருந்த இடத்தில் அடிமட்டத்தை வைத்தார். அது கோடு இல்லை, எழுத்து. கண்ணருகே கொண்டுபோனால்தான் தெரியும். இந்தக் கம்பனி இன்ன குழுமத்தைச் சேர்ந்தது என்று போட்டு, ஐரோப்பாவில் ஒரு நகரத்தின் முகவரி.

“போத்தல்ல இருக்க தண்ணி நம்மளோடது. வேலை செய்றவங்க நம்மாளுங்க” என்ற சேர், அடிமட்டத்தால் அந்த முகவரியைத் தட்டினார். “பேரு, படம், லேபல், லாபம் எல்லாம் இங்க. கொழும்புல உள்ளவங்களுக்கு அந்தப் படத்தப் பத்தி எழுதிக் குடுக்க உரிமை இல்ல. படம் அவங்களோடது இல்ல.”

“எப்ப இருந்து சேர்?”

“நீங்க வேலைக்குச் சேரும்போதே.”

நான் அந்தத் தாளில்தான் எத்தனையோ கடிதம் எழுதியிருந்தேன். “நான் கடை கடையா என்ன சொல்லி வித்தேன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும். நல்லா வித்தீங்க.” கொஞ்சம் பொறுத்து, “நானும் அப்பிடித்தான் வித்தேன். நான் தெரிஞ்சே வித்தேன்” என்றார்.

கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஆனால் யார்மேல் என்றுதான் தெரியவில்லை. வெலிமடை முதலாளியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அவருடைய மேல் தட்டு முழுவதும் நான் அடுக்கிய பொய். அன்று வழித்தடத்துக்குப் போகாமல் டிப்போவிலேயே வெற்றுப் போத்தல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சேர் கொழும்புக்கு இரண்டாவது கடிதம் எழுதினார், இந்த முறை படிவமில்லாமல். ஒரு மாதத்துக்குள் சட்டப் பகுதியிலிருந்து உறை ஒன்று வந்தது. புஷ்பராணிக்கு நல்லெண்ணத்தின் பேரில் ஒரு தொகை கொடுக்கத் தயார். பெற்றுக்கொண்டதாக அவர் கையெழுத்திட வேண்டும், இதைப் பற்றி இனி யாரிடமும் பேசுவதில்லை என்றும் எழுதித் தரவேண்டும். அவர் ஒரு வருஷம் கொழுந்து எடுத்தாலும் பார்க்க முடியாத தொகை அது.

அதை எடுத்துக்கொண்டு நான்தான் தோட்டத்துக்குப் போனேன். லயத்து வாசலில் ஒரு கதிரை போட்டார். தேத்தண்ணி தந்தார். பக்கத்து வீட்டுப் பெண் துணி காயப்போடுவதுபோல் காது கொடுத்துக்கொண்டிருந்தார். முன்பு வந்த பன்னிரண்டு போத்தலைப் பற்றியும் சொல்லி, நான் கடிதத்தைத் தமிழில் சொல்லி முடித்தேன்.

புஷ்பராணி சத்தம் போடவில்லை. “அண்ணே, நான் என்னாத்துக்கு உங்ககிட்ட வந்தேன்?”

“காசு வாங்கலன்னு எழுதி வாங்க.”

“இப்ப காசு வாங்கினேன்னு என்கிட்ட எழுதி வாங்க வந்திருக்கீங்க.”

அவ்வளவு நேரம் வாசித்தும் அதுவரை எனக்கு அது உறைத்திருக்கவில்லை. அந்தக் கையெழுத்தைப் போட்ட நிமிஷமே, விசாரணையில் போத்தலைத் தூக்கிக் காட்டியவன் சொன்னது உண்மையாகிவிடும். உறையை மூடிக்கொண்டேன். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது, அப்படியே குடித்தேன்.

எழும்பும்போது, சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். “அந்தச் சந்திக் கடைக்கு சாமான் போடப்போறது நான்தான். பேசி வச்சிட்டேன்.”

“தெரியும்ணே. கடைக்காரங்களே சொன்னாங்க. கம்பனிக்கும் அந்தக் கடைக்கும் நடுவுல நிக்கிறவரு நீங்கதான். அதுனாலதான் உங்கள விட்டா வேற ஆள்கிட்ட போறதுக்கு வழியில்லன்னு வந்தேன்.”

பணம் மறுக்கப்பட்டது என்று சேரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். பத்து நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு, நாள்காட்டியில் ஒரு தேதியைக் காட்டினார். “வெளிநாட்டுல இருந்து லேபல் பகுதிப் பொறுப்பாளர் வர்றாங்க. எல்லயில தங்குறாங்க. மூணு விடுதி, ரெண்டு கடை, அதுக்கப்புறம் தேயிலை மலை பாக்கணும்னு ஆசையாம். நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்.” அடிமட்டத்தை மேசையில் நேராக வைத்தார். “அந்த அம்மாவோட டிவிஷன்ல அன்னைக்குக் கொழுந்து எடுக்கிற மலை எதுன்னு கேட்டு வைங்க. தோட்டத்து ஆபீசுல நான் அனுமதி வாங்குறேன்.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் அடுத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

வந்தவர் பெயர் ஹெலனா. முப்பத்தைந்து வயதுப் பெண், மரியாதையானவர். எல்லா விடுதியிலும் பணியாளர்களுக்குக் கை கொடுத்தார். விடுதிச் சுவரில் ஒட்டியிருந்த லேபலைக் காட்டி, இது நான் தேர்ந்தெடுத்த படம், இருநூறு படங்களில் இந்தச் சிரிப்பு ஒன்றுதான் உண்மையாக இருந்தது என்று சந்தோஷமாகச் சொன்னார். படத்தைப் படங்கள் விற்கும் ஒரு நிறுவனத்திடம் முறையாக வாங்கியிருந்தார்களாம்.

மலையில் பெண்கள் வரிசையாக நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கங்காணி கைகாட்டியதும் புஷ்பராணி மட்டும் நிரையை விட்டு இறங்கி வந்தார். ஹெலனா முகத்தைக் கண்டதும் இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டார். போத்தலில் இருக்கும் பெண் என்று கூவினார். கையைப் பிடித்துக்கொண்டார். சேர்ந்து படம் எடுக்கலாமா என்று கேட்கச் சொன்னார்.

கேட்டேன்.

“எடுக்கலாம். அதுக்கு முன்னால நான் பேசணும்” என்றார் புஷ்பராணி. கூடையை இறக்கி வைத்தார். பேசினார். புருஷன் எப்படிச் செத்தார் என்பதிலிருந்து ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் மஞ்சள் பூத்த கண்ணோடு கிடந்ததைச் சொன்னார். கையெழுத்து வாங்கிய கதையைச் சொன்னார். செயலகத்தில் போத்தலைத் தூக்கிக் காட்டியதைச் சொன்னார். முப்பது பேர் விலகியதை, பெரட்டில் தனியாக நிற்பதைச் சொன்னார். கொழும்பிலிருந்து வந்த பெட்டியையும் பணத்தையும் சொன்னார். கடைசியில் கடிதத்தைக் கேட்டார்.

ஹெலனா என் முகத்தைப் பார்த்தார். எனக்கு ஓய்வுபெற இன்னும் ஏழு வருஷம் இருந்தது. மகள் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நான் இங்கிலீஷில் சொன்னேன்: இந்த அம்மாவுக்குத் தன் படம் போட்டதில் கொஞ்சம் மனவருத்தம், ஒரு கடிதம் கிடைத்தால் நன்றாயிருக்கும் என்கிறார்.

ஹெலனா அக்கறையோடு தலையாட்டினார். புஷ்பராணி தலையாட்டவில்லை.

“அண்ணே, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா நான் இவ்வளவு நேரம் பேசினேன். நீங்க ரெண்டு வரியில முடிச்சிட்டீங்க.”

மேலே நிரையில் இருந்த பெண்கள் கை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஹெலனாவிடம், மன்னிக்கவேண்டும், நான் சரியாகச் சொல்லவில்லை என்றேன். பிறகு முதலிலிருந்து தொடங்கினேன். மஞ்சள் கண்ணுக்கு எனக்கு இங்கிலீஷ் வார்த்தை வரவில்லை, என் கண்ணைத் தொட்டுக் காட்டினேன். பன்னிரண்டு போத்தல் வந்ததைச் சொன்னபோது ஹெலனா குனிந்து தரையைப் பார்த்தார். படத்தில் இவர் சிரித்தது பெருமைக்காக அல்ல, படம் எடுத்தவன் வழுக்கி விழுந்ததற்காக என்பதையும் சேர்த்துக்கொண்டேன். அதைப் புஷ்பராணி அன்று சொல்லவில்லை, டிப்போவில் சொன்னது. ஆனால் அதுவும் அவருடையதுதானே என்று நினைத்தேன்.

இதெல்லாம் என்னிடம் வரவேயில்லையே என்றார் ஹெலனா. லேபல் குறைபாடு ஒன்று என்று மட்டும் மாத அறிக்கையில் இருந்ததாம். குறிப்புப் புத்தகத்தை எடுத்து, பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். அன்று படம் எடுக்கவில்லை. அவராகவே கமராவைப் பைக்குள் வைத்துவிட்டார்.

திரும்பும் வழியில் வானுக்குள் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இங்கே குடிப்பவர்களுக்கு இந்தப் பியர் எங்களுடையது என்று தெரியுமா என்று. தெரியாது, எனக்கே இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் தெரியும் என்றேன். அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் கெட்டவர் அல்ல. அவர் மேசைக்கும் எங்கள் மலைக்கும் நடுவே ஆறு கட்டமுள்ள ஒரு படிவம் இருந்தது, அவ்வளவுதான்.

கடிதம் வர ஐந்து வாரமானது. அடியில் பொடி எழுத்தில் இருந்த முகவரி இந்தத் தாளில் தலைப்பிலேயே பெரிதாக இருந்தது. இன்ன தோட்டத்தைச் சேர்ந்த திருமதி புஷ்பராணியின் படம் அவருக்குத் தெரியாமல் பயன்படுத்தப்பட்டது, அதற்காக அவர் எந்தப் பணமும் கேட்கவுமில்லை, பெறவுமில்லை, லேபல் மீளப் பெறப்படுகிறது, வருந்துகிறோம். கீழே ஹெலனாவின் கையெழுத்து. அதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, சமாதான நீதவான் ஒருவரிடம் முத்திரை குத்தி வாங்கி, விடியக்காலை பெரட்டுக்களத்துக்கே கொண்டுபோய்ப் புஷ்பராணியிடம் கொடுத்தேன். வேலைக்குப் பெயர் கொடுக்குமுன் அவர் அதை உரக்க வாசித்தார். நடுவில் இரண்டு இடத்தில் தடுமாறினார். துணி காயப்போட்ட அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்தான் முதலில் நகர்ந்து வந்து அவர் பக்கத்தில் நின்றார். கங்காணி பெயர் கூப்பிடத் தொடங்கினார்.

விலகிய முப்பது பேரில் இருபத்தாறு பேர் மறுபடி கையெழுத்துப் போட்டார்கள். சந்திக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது என்ற காரணத்தைச் சொல்லி பிரதேச செயலகத்தில் அனுமதியை மறுத்தார்கள். கடைக்காரர் சும்மா இருக்கவில்லை, பிரதான வீதியில் தூரத்தில் வேறு இடம் பிடித்துவிட்டார். அங்கே என்னுடைய குளிர்சாதனப் பெட்டிதான் நின்றது. தோட்டத்து ஆட்கள் சம்பள நாளில் ஓட்டோ பிடித்து அங்கே போனார்கள். ஆனால் வேலை முடிந்து வரும் வழியில் கால் தடுக்கும் இடத்தில் கடை இல்லை. அது பெரிய வித்தியாசம் என்று புஷ்பராணி சொன்னார். எனக்குத் தெரியாது, அவருக்குத்தான் தெரியும்.

புகார் கொடுத்த ஆளிடமே வெளிநாட்டு அதிகாரியை ஏன் கூட்டிப்போனாய் என்று விளக்கம் கேட்டு எனக்குக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. சேர் அதை வாங்கி நின்றபடி வாசித்தார். நான் பதில் எழுதவேண்டியிருக்கவில்லை. ‘பயணத் திட்டத்தைத் தயாரித்தவன் நான்’ என்று ஒரே வரியில் அவரே எழுதிக் கையெழுத்திட்டார். அடுத்த வருஷம் அவருக்கு வரவேண்டிய கொழும்புப் பதவி வேறொருவருக்குப் போனது. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நான் வேலையை விடவில்லை. இன்னும் ஏழு வருஷம் அதே பியரை விற்றேன். ‘நம்ம ஊரு’ என்று மட்டும் சொல்வதில்லை. வெலிமடை முதலாளியிடம் போய், நான் அன்று சொன்னது பிழை, இது இன்ன தேசத்துக்காரருடையது என்றேன். அவர் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, “அப்ப என்னாத்துக்குய்யா என் கிழங்க இழுத்தீங்க?” என்று கேட்டார். இரண்டு மாதம் எங்கள் பியரைக் கீழ்த் தட்டில் வைத்திருந்தார். பிறகு மேலே ஏற்றிவிட்டார். ஆட்கள் கேட்கிறார்களே, என்ன செய்வது என்றார்.

கடைசியாக ஒன்று. லேபலை மீளப் பெற்ற அடுத்த பருவத்தில், எல்லக்கென்று புதிய லேபல் வந்தது. ஆட்கள் யாரும் இல்லை. நமுனுகுல மலை மட்டும், நீல நிறத்தில், உச்சியில் மேகத்தோடு. அதைப் புஷ்பராணிக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. போத்தலை விட்டுவிட்டு லேபலை மட்டும் கொண்டுபோனேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில், கூடையோடு வரிசையில் நின்றார். வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து எதிரே தெரிந்த மலையைப் பார்த்தார்.

“இது நல்ல வேலை” என்றார். “அதுக்கு வாயில்லைல. உங்க டிப்போவுக்கு வந்து நிக்காது.”

லேபலை என் கையிலேயே திருப்பித் தந்துவிட்டு, தராசில் கூடையைத் தூக்கி வைத்தார்.